வைரக்கட்டையும் ஈர விறகும்: அடுப்பு ஏன் புகைகிறது?

விறகுத்தொட்டிக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன மரம்?" என்பதுதான். புளியா, சவுக்கா, கருவேலமா என்று கேட்டு, அதை வைத்தே விலையும் பேசுகிறோம். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. எப்போது வெட்டியது? எப்போது பிளந்தது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கும் புளியங்கட்டை, நன்றாகக் காய்ந்த முருங்கைக்கட்டையைவிட மோசமாக எரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்துக்கு ஒரு டன் புளியங்கட்டை வாங்கினோம். "நல்ல வைரக்கட்டை தம்பி, கங்கு ராத்திரி முழுக்க நிக்கும்" என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யில்லை, நடுமரம் கருத்து இறுகிய வைரக்கட்டைதான். ஆனால் வெட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கோட்டையடுப்பில் வைத்ததும் கட்டையின் நுனியில் உஸ்ஸென்று நுரை தள்ளியது. தீ பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. சமையலுக்கு வந்த அக்காமார் இருவரும் கண்ணைத் திறக்க முடியாமல் வெளியே போய்ப் போய் வந்தார்கள். கடைசியில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து காய்ந்த தென்னை மட்டையும் பழைய வேலிக்கம்புகளும் கொண்டுவந்துதான் சாம்பாரைக் கொதிக்க வைத்தோம். அன்று எல்லோரும் மரத்தைத் திட்டினார்கள். குற்றம் மரத்தின் மேல் இல்லை, அதற்குள் இருந்த தண்ணீரின் மேல்.

கனமான மரத்தில் சூடு அதிகம் என்று சொல்கிறோம் அல்லவா? ஒரு வண்டிக் கட்டைக்கு ஒரு வண்டிக் கட்டை என்று ஒப்பிட்டால் அது சரி. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் சரியில்லை. ஈரம் துளியும் இல்லாத மரம் எதுவானாலும், ஒரு கிலோ எரிந்தால் அடுப்புக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 4,400 கிலோகலோரி. பிசின் மிகுந்த மரத்தில் கொஞ்சம் கூடும், சாம்பல் மிகுந்த மரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஏனென்றால் எல்லா மரமும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற அதே பொருள்களால் ஆனது. அந்த மரப்பொருளின் அடர்த்திகூட எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒன்றே: ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அப்படியிருந்தும் மரம் மிதக்கிறது என்றால், உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் காரணம். மரம் என்பது எண்ணற்ற மெல்லிய குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. குழாயின் சுவர் தடித்து நடுத்துளை குறுகியிருந்தால் அது புளி, சவுக்கு, கருவேலம். சுவர் மெலிந்து துளை அகன்றிருந்தால் அது முருங்கை, இலவம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் முழு அர்த்தமும் விளங்கும். முற்றிய சவுக்கு மரத்தில், பச்சையாக இருக்கும்போது, ஒரு லிட்டர் அளவுள்ள துண்டில் சுமார் 800 கிராம் மரப்பொருள் இருக்கிறது. 1.5 அடர்த்தி என்பதால் அது அடைத்துக்கொள்ளும் இடம் 533 மில்லிலிட்டர். மிச்சமுள்ள 467 மில்லிலிட்டர் முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் 467 கிராமுக்கு மேல் அந்தத் துண்டால் தண்ணீரைத் தாங்க முடியாது. அதாவது, எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ஒரு கிலோ சவுக்கு விறகில் தண்ணீர் 370 கிராமைத் தாண்டாது. முருங்கையில் அதே ஒரு லிட்டரில் 300 கிராமுக்குப் பக்கத்தில்தான் மரப்பொருள். அது அடைக்கும் இடம் 200 மில்லிலிட்டர், காலியிடம் 800. நிரம்பினால் ஒரு கிலோ பச்சை முருங்கையில் 700 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர்.

"சவுக்கு பச்சையிலேயே எரியும்" என்று கிராமத்தில் சொல்வதன் ரகசியம் இதுதான். சவுக்கில் எண்ணெய் இருக்கிறது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது தேவையே இல்லை. தண்ணீருக்கு உள்ளே இடமில்லை, அதனால் எரிகிறது.

இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டுதான் சோழமண்டலக் கரையெங்கும் சவுக்குத் தோப்பு வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நிலக்கரி கப்பலேறி இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. ஆகவே எஞ்சினுக்கு விறகு போட்டார்கள். தண்டவாளம் நீள நீள, அதன் இருபுறமும் இருந்த நல்ல கட்டை மரங்கள் அடுப்புக்குள் போயின. தண்டவாளத்துக்கு அடியில் போடும் குறுக்குக் கட்டைகளுக்கும் மரமே வேண்டும். சென்னை மாகாணத்தின் முதல் வனப்பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டதும் அதே 1856இல்தான். காடு இப்படியே போனால் தாங்காது என்ற கவலை அரசாங்கத்துக்கே வந்துவிட்ட காலம் அது. 1860களில் கடலோர மணலில் ரயில் விறகுக்காகவே சவுக்கை நட்டார்கள். வேறெதுவும் உருப்படியாக வளராத உப்புக்காற்று மணலில் அது வளர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனை இழுத்துக் கொடுக்கிறது, அதனால் சத்தில்லாத மணலிலும் மரம் தழைக்கிறது. எஞ்சின்கள் நிலக்கரிக்கும் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிய பிறகும் தோப்புகள் நின்றன. இன்று கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு போடுகிற விவசாயிக்குக் காகித ஆலை இருக்கிறது, கட்டடச் சாரத்துக்குக் கம்பு வாங்குகிறவர் இருக்கிறார். விறகு என்பது அவருக்கு மூன்றாவது வாடிக்கை. நல்ல சவுக்கு விறகு விலையேறிப்போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, சவுக்கு பச்சையில் எரியும் என்பதால் பச்சையிலேயே எரிக்கலாமா? கூடாது. ஒரு கிலோ தண்ணீரை நம் ஊர் வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோய் ஆவியாக்க 610 கிலோகலோரி செலவாகிறது. 370 கிராம் தண்ணீருள்ள ஒரு கிலோ பச்சைக் கட்டையில் மரப்பொருள் 630 கிராம்தான். அது தரும் வெப்பத்தில் தண்ணீர் தின்பதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 2,550 கிலோகலோரி. அதே கட்டையை 20 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து ஒரு கிலோ எடுத்தால் 3,400 கிடைக்கிறது. விறகை நாம் எடைபோட்டு வாங்குகிறோம். அப்படியானால் ஈரக்கட்டை வாங்குகிறவர் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 25 ரூபாயைச் சூடாக மாறாத தண்ணீருக்குக் கொடுக்கிறார். வெட்டியதும் லாரியேற்றி எடை போட்டுவிட்டால் விற்பவருக்கு லாபம், காயவைத்து விற்றால் எடை குறைந்து நட்டம். யாரும் ஏமாற்ற நினைக்காமலே, எடைக்கு விற்கும் வழக்கமே ஈர விறகை நம் அடுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல், சிறு அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மிகக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லாத வரை, தொட்டியில் நிற்கும்போது நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது வைரம் என்ற சொல்லுக்கு வருவோம். மரத்தை வெட்டிப் பார்த்தால் வெளியே வெளிறிய வளையம், உள்ளே கருத்த நடுப்பகுதி. நடுப்பகுதியைத்தான் வைரம் என்கிறோம். பழந்தமிழில் அதன் பெயர் காழ். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களையே இதை வைத்துத்தான் பிரிக்கிறது: உள்ளே காழ் உள்ளவை மரம், வெளியே காழ் உள்ளவை புல். பனையும் தென்னையும் மூங்கிலும் புல் வகைக்குப் போய்விடுகின்றன. கோடாரி பிடித்தவருக்கு இது உடனே புரியும். பனையை அறுத்தால் வெளிப்பட்டை இரும்பாக இருக்கும், நடுவில் சோறு. புளியில் நேர்மாறு.

வைரம் ஆகும்போது மரத்துக்குள் நடப்பது என்னவென்றால், உட்பகுதிச் செல்கள் செத்துப்போகின்றன. அவற்றில் டானின் முதலான கசப்புப் பொருள்கள் படிகின்றன. நீர் ஏறும் குழாய்கள் பல மரங்களில் அடைபட்டுவிடுகின்றன. அதனால்தான் வைரத்தைப் பூச்சி தொடுவதில்லை, எளிதில் மக்குவதும் இல்லை. ஆனால் அடைபட்ட குழாய் வழியே தண்ணீர் உள்ளே போகாதது போலவே வெளியேயும் வராது. எந்தக் குணத்துக்காக வைரக்கட்டையைத் தேடுகிறோமோ, அதே குணம் அதைக் காயவிடாமல் தடுக்கிறது. முருங்கையும் இலவமும் வெட்டிப் போட்டால் போதும், தானாகக் காயும். புளி அப்படிக் காயாது. உருட்டாக ஓராண்டு வெயிலில் கிடந்த புளியந்தடியைப் பிளந்து பார்த்திருக்கிறேன், நடுவில் கையை வைத்தால் சில்லென்று இருந்தது.

அதனால்தான் பிளப்பது முக்கியம். அடுப்புக்குள் நுழைகிற அளவுக்குச் சிறிதாக்கத்தான் விறகைப் பிளக்கிறோம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிளப்பதன் முதல் பயன் காயவைப்பதுதான். மரத்துக்குள் தண்ணீர் குழாய்களின் போக்கில் ஓடுவது, குறுக்கே ஓடுவதைவிடப் பல மடங்கு வேகம். உருட்டுக் கட்டையில் அது வெளியேற இரண்டு முனைகள் மட்டுமே. பக்கங்களைப் பட்டை மூடியிருக்கிறது. பட்டையின் வேலையே தண்ணீரை வெளியே விடாமல் காப்பது. 20 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள ஒரு கட்டையின் பக்கப் பரப்பு சுமார் 2,500 சதுர செ.மீ., அதுவும் முழுக்கப் பட்டைக்கு அடியில். அதை நடுவழியே எட்டாகப் பிளந்தால் 6,400 சதுர செ.மீ. புதுப் பரப்பு காற்றைப் பார்க்கிறது. அதில் பட்டை துளியும் இல்லை. உள்ளிருக்கும் தண்ணீர் கடக்க வேண்டிய தூரமும் சுருங்கிவிடுகிறது.

எப்போது பிளப்பது? "கட்டை காயட்டும், அப்புறம் பிளக்கலாம்" என்று தள்ளிப்போடுவது இந்த மரங்களில் பெரிய தப்பு. மரத்தின் ஈரம், காய்ந்த மரப்பொருளின் எடையில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் குழாய்ச் சுவர்களே சுருங்கி இறுகுகின்றன. பச்சையில் ஆறே வெட்டில் பிளந்த கருவேலங்கட்டை, காய்ந்த பிறகு கோடாரியைத் துள்ளித் திருப்பி அனுப்பும். எங்கள் அப்பத்தா வீட்டுக்கு விறகு பிளக்க வரும் பெரியவர், மரம் சாய்ந்த அன்றே அல்லது மறுநாளே வந்துவிடுவார். "ஆத்தா, இன்னைக்குப் பிளந்தா எனக்கு அரை நாள். அடுத்த மாசம் கூப்பிட்டா ரெண்டு நாள் கூலி குடுக்கணும்" என்பார். அறிவியல் சொல்வதும் அதேதான்.

மரம் ஏன் நீளவாக்கில் பிளக்கிறது, குறுக்கே பிளப்பதில்லை? குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுக்க ஒவ்வொரு குழாயையும் வெட்ட வேண்டும். நீளவாக்கில் பிரிப்பதற்கோ, குழாய்களைப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பசையை விலக்கினால் போதும். இதனால்தான் பிளக்கும் கோடாரி வேறு, மரம் சாய்க்கும் கோடாரி வேறு. சாய்ப்பது மெல்லியதாக, சவரக்கத்தி போலக் கூராக இருக்க வேண்டும். பிளப்பதற்குக் கூர்மை ரொம்பத் தேவையில்லை, கன்னம் தடித்திருக்க வேண்டும். உள்ளே இறங்கும்போது இரு பக்கமும் நெம்பித் தள்ள வேண்டும். மெல்லிய கோடாரியால் வைரக்கட்டையைப் பிளக்க முயன்றால் அது கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் தோள்பட்டை போய்விடும்.

பெரிய கட்டையை நடுவில் அடிக்காதீர்கள். ஓரத்திலிருந்து சிலாம்பு சிலாம்பாக எடுத்துக்கொண்டே வாருங்கள், நடு வைரம் கடைசியில் தனியாக நிற்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாக ஓடும் மயிரிழை வெடிப்புகளைப் பாருங்கள். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, ஆரப்போக்கில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுபறியில் விழும் வெடிப்பு அது. கோடாரிக்கு மரமே காட்டிக்கொடுக்கும் வழி. சவுக்கில் இது மிகத் தெளிவாக இருக்கும், நேராகப் பிளந்துகொண்டு போகும். புளியில் அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் நார் ஒரு சில ஆண்டுகள் இடப்பக்கம் சாய்ந்து வளர்ந்து, அடுத்த சில ஆண்டுகள் வலப்பக்கம் சாய்ந்து வளர்கிறது. பிளந்த முகம் கிழிந்த கயிறு போல இருப்பது அதனால்தான். கவட்டையும் கணுவும் இன்னும் மோசம், அங்கே நார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். சீமைக்கருவேலம் பெரும்பாலும் வளைந்தும் முறுக்கியும் வளர்வது, தூர்ப்பகுதி முழுக்க முடிச்சுதான். அதை ரம்பத்தில் குட்டையாக அறுத்துப் போடுவதே புத்திசாலித்தனம், கோடாரியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பிடிவாதமான கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். பாதி பிளந்த மரத்தின் ஆப்பைப் பிடுங்கிய குரங்கு அதற்குள் மாட்டி உயிரைவிட்ட கதை. பிளவு விரிந்து நிற்கும்போது இருபுற மரமும் வளைந்த வில் போல விசையோடு நிற்கிறது என்பது அந்தக் கதைக்குள் இருக்கும் உண்மை. பிளவுக்குள் விரல் விட்டு நார்களைப் பிய்க்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். வேண்டாம், முதல் ஆப்பை எடுக்காமல் அதற்குப் பக்கத்தில் இரண்டாவது ஆப்பை அடியுங்கள். இன்னொன்று, அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான் குடைபோல விரிந்திருந்தால் அதை முதலில் தேய்த்துவிட வேண்டும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

பிளந்ததை அடுக்குவதில் பெரிய வித்தை இல்லை. தரையில் படாமல் கல்லோ பழைய கம்போ போட்டு, காற்று நுழையும்படி இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூட வேண்டும், பக்கங்களை மூடக்கூடாது. தார்ப்பாயைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டால் உள்ளேயே ஆவி தங்கி மரம் பூசணம் பிடிக்கும். தரையில் போட்டால் கறையான். தை அறுவடை முடிந்து வெட்டிப் பிளந்து அடுக்கினால், பங்குனி, சித்திரை வெயிலும் வைகாசிக் காற்றும் முழுதாகக் கிடைக்கும். மூன்று நான்கு விரல் தடிமனுள்ள துண்டுகள் ஆனி, ஆடிக்குள் எரிக்கப் பதமாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் கொட்டகைக்குள் ஏற்றிவிட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ஈரக்கட்டை 'தொப்'பென்று சொல்லும், காய்ந்தது 'ணங்'கென்று சொல்லும். பட்டை தானாகக் கழன்று வரும். இதைவிட நம்பகமான வழி, ஒரே ஒரு துண்டுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டு வாரம் ஒருமுறை எடை பார்ப்பது. எடை இறங்குவது எப்போது நிற்கிறதோ அப்போது அது காய்ந்துவிட்டது.

இனி அடுப்பு. விறகு எரிகிறது என்று சொல்கிறோம், உண்மையில் கட்டை நேரடியாக எரிவதில்லை. முதலில் தண்ணீர் போகிறது. அது போகும்வரை கட்டையின் அந்தப் பகுதி 100 டிகிரியைத் தாண்ட மறுக்கிறது. பிறகு 200 டிகிரிக்கு மேலே மரப்பொருள் சிதைந்து ஆவியாக மாறத் தொடங்குகிறது. எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி ஆவியாகவே போய்விடும். நாம் பார்க்கும் சுடர் அந்த ஆவி காற்றோடு சேர்ந்து எரிவது. அது முழுதாக எரிய 600 டிகிரிக்கு மேலான சூடும் போதிய காற்றும் வேண்டும். மிச்சம் நிற்பது கரி. அது சுடரில்லாமல் கனன்று எரியும், அதுதான் கங்கு.

புகை என்பது எரியாமல் தப்பித்த அந்த ஆவி. ஈரக்கட்டையில் தண்ணீர் அடுப்பின் சூட்டைத் தின்றுவிடுவதால் 600 டிகிரி எட்டுவதே இல்லை. ஆவி எரியாமலேயே தாராகவும் துகளாகவும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகிறது. ஆக, ஈர விறகு தண்ணீரை ஆவியாக்கி வீணாக்கும் சூட்டோடு, புகையாக வெளியே விடும் எரிபொருளால் வரும் நட்டமும் சேர்ந்தே கணக்கில் வர வேண்டும். பானையின் அடியில் அப்பும் கரியெல்லாம் எரிந்திருக்க வேண்டிய விறகுதான்.

வைரக்கட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு, பற்றவைப்பது கடினம். அடர்ந்த மரம் மேலே விழும் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், மேற்பரப்பு சீக்கிரம் சூடேறாது. அதற்குத்தான் சுள்ளியும் தென்னம்பாளையும் முதலில். அதற்காக எல்லாவற்றையும் விரல்மெல்லிசாகப் பிளந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். மிக மெல்லிய விறகு ஒரே நேரத்தில் குபீரென்று ஆவியை விடும், அதற்கு ஈடாகக் காற்று அடுப்புக்குள் வராது, காய்ந்த விறகும் புகையும். அடுப்பின் வாயை விறகால் அடைத்துவிடும் பழக்கத்திலும் இதே சிக்கல்தான். இரண்டு மூன்று கட்டைகள், இடையே காற்றுக்கு வழி, அது போதும். "எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும்" என்று பழமொழி சொல்வது போல, சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் கட்டையை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான் விறகடுப்பின் திருகு.

கங்கில்தான் வைரக்கட்டையின் அருமை தெரியும். அடர்ந்த மரத்தின் கரியும் அடர்த்தியாகவே இருக்கும். முருங்கையின் கரி ஊதினால் பறக்கும், புளியின் கரி ஒரு மணி நேரம் கனலும். பிரியாணியைத் தம் போடுகிறவர்கள் அடுப்பிலிருந்து கட்டையை இழுத்துவிட்டு, கங்கை மட்டும் கீழே பரப்பி, மூடியின் மேலும் அள்ளிப் போடுகிறார்கள். மேலும் கீழும் ஒரே சீரான, அலையாத சூடு அது. செங்கல் சூளைக்குப் புளியங்கட்டையை விரும்பிக் கேட்பதும் இதற்காகத்தான்.

அந்தக் கரியைத் தனியே எடுத்து விற்கும் தொழில்தான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிமூட்டம். 1877இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம்தான் அதற்கு மூலப்பொருள். வறண்ட பூமிக்கு விறகு கொடுக்கும் என்று நம்பிக் கொண்டுவந்தார்கள். விறகு கொடுத்தது, கூடவே கண்மாய்களையும் வயல்களையும் எடுத்துக்கொண்டது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. மூட்டத்தில் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்றை ஒடுக்கி, பல நாள்கள் புகைய விடுகிறார்கள். நான்கைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. ஒரு கிலோ கரியின் வெப்பம் ஏறத்தாழ 7,000 கிலோகலோரி. ஐந்து கிலோ காய்ந்த விறகில் 17,000 இருந்தது. பாதிக்கு மேல் மூட்டத்தின் புகையோடு போய்விட்டது. அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் மூட்டத்தில் ஓட்டை விழுகிறதா என்று காவல் இருப்பவர்களின் கூலி, நகரத்தில் நாம் கரிக்குக் கொடுக்கும் விலையில் எவ்வளவு சிறிய பங்கு என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

புகை என்று வந்தால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு காய்ந்த விறகானாலும் அதன் புகை நல்லதல்ல. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்பின் முன் உட்காருகிறவர்கள் பெண்கள், மடியில் குழந்தைகள். எரிவாயு வாங்க வசதியும் வழியும் இருக்கும் வீட்டில் தினசரிச் சமையலுக்கு விறகு வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் மறுபடி விறகுக்குத் திரும்பும் வீடுகள் உண்டு. வெந்நீருக்கு, நெல் அவிக்க, திருவிழாச் சமையலுக்கு விறகு இன்னும் எரிகிறது. அங்கெல்லாம் காய்ந்த, பிளந்த கட்டைக்கும் ஈரத் தடிக்கும் உள்ள வேறுபாடு ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் தங்கும் புகையின் அளவில் தெரியும். மூடிய அறையில் கங்கை வைத்துக்கொண்டு படுப்பது உயிரையே எடுக்கும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. அரளிக்கட்டை, பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் எதையும் சமையலடுப்பில் வைக்கக்கூடாது.

எங்கள் கோயில் அன்னதானம் ஆடியில். இந்த ஆண்டு மாசியிலேயே புளியந்தடியை வாங்கி, அந்த வாரமே ஆள் விட்டுப் பிளந்து, மடப்பள்ளிக்குப் பின்னால் அடுக்கினோம். ஒரு துண்டில் சுண்ணாம்புக் குறி போட்டேன். அன்று அதன் எடை 4 கிலோ 200 கிராம். ஆனி மாதக் கடைசியில் அதையே மறுபடி தராசில் வைத்தபோது 3 கிலோ 300 கிராம் இருந்தது, அதற்கடுத்த வாரமும் அதே 3 கிலோ 300தான். அதைத்தான் முதல் கட்டையாக அடுப்பில் வைத்தோம்.